படையில் சேரப் புறப்படும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு: பாலியல் தொல்லையைத் தடுக்கவும், நேர்ந்தால் புகார் செய்யவும் ஒரு வழிகாட்டி

படைப் பயிற்சிக்குப் போகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே மனத்தில் பதிய வைக்கப்படும் விதி ஒன்று உண்டு: எந்தக் குறையையும் எந்த வேண்டுகோளையும் தனக்கு நேர் மேலே இருப்பவர் வழியாகத்தான் கொண்டுசெல்ல வேண்டும், அவரைத் தாண்டிப் போவது ஒழுங்கீனம். விடுப்புக்கும், சம்பளக் குளறுபடிக்கும், பூட்ஸ் கடித்த காலுக்கும் அந்த விதி பொருந்தும். பாலியல் தொல்லைக்குப் பொருந்தாது. இந்த ஒரு விஷயத்தில், நேர் மேலே இருப்பவரிடம் அனுமதி கேட்காமலேயே புகார் செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஏனென்றால் தொல்லை கொடுப்பவர் பல நேரங்களில் அந்த நேர் மேலே இருப்பவராகவே இருந்துவிடுகிறார். ரயில் ஏறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டவருக்கும், பாரக்கில் (வீரர்கள் தங்கும் கூடத்தில்) அழுதுகொண்டு இதைத் தேடுபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

நான் தண்டையார்பேட்டையில் வழக்கறிஞராக இருக்கிறேன். பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்கள் சிலவற்றில் வெளி உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். வியாசர்பாடியில் கால்பந்து ஆடியவர்கள், ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகியவர்கள், திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகுபவர்கள் என்று எங்கள் பகுதியிலிருந்து படைக்குப் போகும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. இப்போது அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ராணுவக் காவல் பிரிவுக்கு முதல் பெண் வீரர் அணி 2021-இல் பெங்களூரில் பயிற்சி முடித்தது. கடற்படையின் பெண் அக்னிவீரர்கள் (நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படுபவர்கள்) ஒடிசாவின் சில்காவுக்குப் போகிறார்கள். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நீங்கள் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) பெண் காவலர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகாடமியில் சேரும்போதே

ஆபத்து பயிற்சி முகாமில்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். உடல்தகுதித் தேர்வுக்குத் தயார்செய்யும் தனியார் அகாடமிகள், 'எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லும் தரகர்கள், முகாம் என்ற பெயரில் இரவு தங்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் ஆகியோரே முதலில் எதிர்ப்படுவார்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பெயரைச் சொல்லிப் போலி முகாம் நடத்தப்பட்டு, அங்கே மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது வெளிச்சத்துக்கு வந்தது. சீருடையைப் பார்த்ததும் பெற்றோரும் பள்ளியும் சந்தேகப்பட மறந்துவிட்டார்கள் என்பதுதான் அதில் என்னை உறுத்தியது. ஆகவே முகாம் என்றால், அதை நடத்தும் என்.சி.சி. பட்டாலியனின் எழுத்துபூர்வமான உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். மாணவிகளோடு இரவில் தங்கப்போகும் பெண் பொறுப்பாளர் யார் என்றும் கேளுங்கள். ஆள்சேர்ப்புக்குத் தரகர் தேவையே இல்லை. ராணுவத்தின் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகம் ஜார்ஜ் கோட்டையிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பேருந்து பிடித்துப் போய் நேரில் கேட்டுவிடலாம்.

அகாடமியும் விளையாட்டு மைதானமும் சட்டத்தின் பார்வையில் பணியிடங்களே. பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி நிலையங்களையும் விளையாட்டு அரங்குகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அகாடமியில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் அங்கே உள்ளகக் குழு இருக்காது. அல்லது புகார் முதலாளியின் மீதே இருக்கலாம். அந்த நிலையில் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தின் வழியாக. மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் உள்ளவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் வருவார்கள் என்பதை மறந்துவிட்டு இங்கே வந்து அலைகிறார்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

ஒரு சிறிய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தையும் இரண்டு பேனாக்களையும் எடுத்துவையுங்கள். பயிற்சிக் காலத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் முக்கியமான எண்களைத் தாளில் எழுதித்தான் கொண்டுபோக வேண்டும். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி 112, குழந்தைகள் உதவி 1098, இலவசச் சட்ட உதவி 15100 ஆகிய நான்கும், வீட்டில் இருவரின் எண்களும் போதும். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பிறந்த தேதியை எழுதிவையுங்கள். இது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அக்னிவீரர் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேர முடியும். 18 முடியும் வரை, ஆணானாலும் பெண்ணானாலும், சட்டப்படி நீங்கள் குழந்தை. உங்களிடம் நடக்கும் எந்தப் பாலியல் செயலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும். 'சம்மதித்தார்' என்ற வாதமே அங்கே எடுபடாது. படையைச் சேர்ந்தவர் அந்தக் குற்றத்தைச் செய்தால் அதைக் கடுமையான வகைக் குற்றமாக அந்தச் சட்டம் தனியே வகைப்படுத்துகிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்கு உரியது.

பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் பத்து நாட்களுக்குள், உள்ளகக் குழுவின் உறுப்பினர்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்புப் பலகையைத் தேடிப் பார்த்து, தலைவரின் பெயரையும் வெளி உறுப்பினரின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படி ஒட்டி வைப்பது நிறுவனத்தின் கடமை. பலகையில் இல்லையென்றால், வகுப்பின்போது எல்லோர் முன்னிலையிலும் சாதாரணக் கேள்வியாகக் கேட்டுவிடுவது நல்லது. தேவை வந்தபிறகு கேட்டால் அந்தக் கேள்வியே செய்தியாகிவிடும்.

எது பயிற்சி, எது தொல்லை

இதில்தான் புதியவர்கள் மிகவும் குழம்புகிறார்கள். குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. படைப் பயிற்சி கடுமையானது. உஸ்தாத் (பயிற்சி தருபவர்) கத்துவார், தண்டனையாக ஓடவிடுவார், தவழவிடுவார், தூங்கவிடமாட்டார். இவையெல்லாம் பிடிக்காமல் போகலாம், ஆனால் பாலியல் தொல்லை ஆகாது. சட்டம் ஐந்து வகையைச் சொல்கிறது: விரும்பாத உடல் தொடுகையும் நெருங்கலும், பாலியல் சலுகை கேட்பது, பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பாத வேறு எந்தப் பாலியல் நடத்தையும். இவற்றில் 'விரும்பாத' என்ற சொல் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கப்பட வேண்டியது. தொட்டவர் என்ன நினைத்துத் தொட்டார் என்பது இரண்டாவது கேள்வி.

நான் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். அதே செயலை அதே உஸ்தாத் முழு பிளட்டூனும் (உங்கள் பயிற்சி அணி) பார்க்கும் இடத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி, காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்வாரா? துப்பாக்கி பிடிக்கும்போது முழங்கையைக் கோலால் தட்டித் திருத்துவது அந்த வகை. விளக்கணைத்த பிறகு ஸ்டோர் அறைக்கு ஒருவரை மட்டும் கூப்பிட்டு நிலை திருத்துவது அந்த வகை அன்று. 'நல்ல மார்க் வேண்டுமென்றால்', 'நல்ல இடத்தில் போஸ்டிங் வேண்டுமென்றால்' என்று தொடங்கும் வாக்கியம் முடிவதற்குள்ளேயே அது தொல்லையாகிவிட்டது. மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று மறைமுகமாகச் சொல்வதையும் சட்டம் தனியே குறிப்பிடுகிறது. மருத்துவப் பரிசோதனையில் பெண் மருத்துவரோ, குறைந்தபட்சம் உடன் நிற்கப் பெண் உதவியாளரோ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நடந்த அன்றே

முதலில் பாதுகாப்பான இடத்துக்கு, அதாவது வேறு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். பிறகு, தூங்குவதற்கு முன், நோட்டை எடுத்து எழுதுங்கள். நாள், மணி, இடம், அவர் பெயரும் பதவியும், சொன்ன சொற்கள் அவர் பேசிய மொழியிலேயே, நீங்கள் சொன்ன பதில், அருகில் இருந்தவர்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் மெருகேற்றி எழுத வேண்டாம். இந்தி எழுத்து தெரியாவிட்டால் காதில் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். குழு விசாரணைகளில் நான் கண்ட வரையில், ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து அழகாக எழுதிய பத்துப் பக்கத்தைவிட, அன்றிரவு கையெழுத்து கோணலாக எழுதிய எட்டு வரி அதிக நம்பிக்கையைத் தந்திருக்கிறது. தேதிகள் முரண்படாமல் இருப்பதும் அதனால்தான். அன்றே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில் தோழியாக இருந்தாலும் சரி. பின்னால் அவர் சாட்சி.

கைப்பேசியில் செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். திரையைப் படம் பிடித்துவைத்தாலும் அசல் செய்தி உள்ள கைப்பேசியைப் பத்திரப்படுத்துங்கள், நீதிமன்றம் கேட்பது அதைத்தான்.

வன்கொடுமை நடந்திருந்தால் வரிசை வேறு. குளிக்கத் தோன்றும், பொறுத்துக்கொள்ள முடிந்தால் மருத்துவப் பரிசோதனை முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டிருந்தாலும் போகலாம். அணிந்திருந்த துணிகளைத் துவைக்காமல் தாள் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அது 28 நாள் சாப்பிட வேண்டிய மருந்து. அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுத்தால் அவ்வளவு பலன். எந்த மருத்துவமனையும், அரசுடையதோ தனியாருடையதோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அது குற்றம்; ஆகவே ராணுவ மருத்துவமனைதான் என்று இல்லை. விடுப்பில் ஊரில் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். போலீஸ் புகார் கொடுத்தால்தான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் அது தவறு. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' என்ற ஒன்றை எவரும் செய்யக் கூடாது; அதை உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் கண்டித்துத் தடை செய்திருக்கிறது. மருத்துவர் அதற்குக் கைநீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, சொன்னதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கே புகார் செய்வது

வழிகள் மூன்று. ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை அடைபடும் என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மையன்று.

முதலாவது உள்ளகப் புகார்க் குழு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசி நிகழ்விலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பயிற்சிக் காலம் முடியட்டும், பாஸிங் அவுட் ஆகட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைத்தான் இழக்கிறார்கள். புகாரின் ஆறு படிகள் (நகல்கள்), ஆவணங்கள், சாட்சிகளின் பெயரும் முகவரியும் வேண்டும். எழுத முடியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு. மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் பெண்ணும், ஒப்பந்தத்தில் பெருக்க வரும் பெண்ணும், அவர் படை ஊழியரே இல்லாவிட்டாலும், இதே குழுவுக்குப் போகலாம். துறைமுகப் பக்கத்தில் ஒப்பந்த வேலை செய்யும் எங்கள் பெண்களில் பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது, படைக்குள் உள்ள ஒழுங்கு நடவடிக்கை. ராணுவச் சட்டம் 1950-இல் அநாகரிகமான இழிநடத்தைக்கும், கீழ்நிலையில் உள்ளவரைக் கொடுமைப்படுத்துவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கமாண்டிங் ஆபீசரை நேரில் பார்க்க 'இன்டர்வியூ' கேட்கலாம். கேட்டதையும் கேட்ட தேதியையும் நோட்டில் எழுதுங்கள். வாய்மொழியாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அழைக்கப்பட்டால், எழுத்தில் கொடுத்துவிட்டு, படியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

மூன்றாவது காவல்துறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மானபங்கத் தாக்குதல் 74-ஆம் பிரிவு, பாலியல் தொல்லை 75, மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 77, பின்தொடர்வது 78. குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. ஒடிசாவில் நடந்ததற்கு, விடுப்பில் வந்து வண்ணாரப்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்வார். 'அது ஆர்மி விஷயம், அங்கே போய்க் கொடும்மா' என்று திருப்பி அனுப்பினால், அந்த மறுப்பும் ஒரு குற்றம் என்று அமைதியாகச் சொல்லலாம்.

ஆர்மி விஷயம் என்பதில் பாதி உண்மை இருப்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரை, அதாவது ஒரு குடிமகளை, ராணுவத்தினர் ஒருவர் வன்புணர்ந்தால் அதை வழக்கமான குற்றவியல் நீதிமன்றமே விசாரிக்கும். போர்ப்பணி, வெளிநாடு, எல்லைக் காவல்நிலை ஆகியவை விதிவிலக்கு. இருவருமே படையினர் என்றால் இரு வகை நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் உண்டு, படை தன் வசம் வழக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2021-இல் கோயம்புத்தூரில் விமானப்படைக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதிகாரியின் புகாரில் மாநகர மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்து அதிகாரி ஒருவரைக் கைது செய்தது. பிறகு நீதிமன்ற உத்தரவின்படி வழக்கு விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கு இறுதியில் எங்கே நடந்தாலும், காவல் நிலையத்தில் பதிவான தேதியை யாரும் அழிக்க முடியாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. சி.ஐ.எஸ்.எஃப்.-இல் ராணுவ நீதிமன்ற முறை இல்லை. அங்கே குற்ற வழக்குகள் வழக்கமான நீதிமன்றத்துக்கே போகும்.

புகார் கொடுத்த பிறகு

உள்ளகக் குழு 90 நாளுக்குள் விசாரணையை முடித்து, அடுத்த பத்து நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கையின் மீது 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நடுவில் நீங்கள் எழுதிக் கேட்டால், உங்களையோ அவரையோ வேறிடத்துக்கு மாற்றவும், உங்களுக்கு மூன்று மாதம் வரை தனி விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம். கேட்காமல் கிடைக்காது என்பதால் புகாரின் கடைசிப் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். குழுவின் முன் இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. என் தொழிலுக்கு நட்டம்தான், ஆனால் பதவியில் உயர்ந்தவர் பெரிய வக்கீலோடு வந்து உட்கார்ந்தால் பயிற்சி வீராங்கனையால் பேசவே முடியாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்கலாம், அதிலும் பணம் பேசக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்ப்புகார் ஆகிவிடாது; சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. முடிவு சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

புகாருக்குப் பிறகு திடீரென்று நைட் டூட்டி கூடினாலோ, ஆண்டு அறிக்கையில் மதிப்பெண் குறைந்தாலோ, அதையும் அதே நோட்டில் தேதியோடு எழுதிக் குழுவுக்குக் கொடுங்கள். முப்படையினர் தங்கள் பணி தொடர்பான பாதிப்புக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் மண்டல அமர்வு சென்னையிலும் இருக்கிறது. கடலோரக் காவல்படைக்கும் சி.ஐ.எஸ்.எஃப்.-க்கும் அந்தத் தீர்ப்பாயம் கிடையாது, உயர் நீதிமன்றம்தான். நம் பேட்டைக்காரர்களுக்கு அது நடந்து போகிற தூரம்.

ஆண் பிள்ளைகளுக்கு

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. ஆண் மீதான பாலியல் வன்கொடுமைக்கும் பயன்பட்ட, பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை; ஆகவே 18 வயது தாண்டிய ஆண் இன்னொரு ஆணால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் அதற்கென்று தனிப் பிரிவே இப்போது இல்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனாலும் தாக்குதல், காயப்படுத்துதல், அடைத்துவைத்தல் ஆகிய பிரிவுகளில் காவல்துறையில் புகார் செய்யலாம். ராணுவச் சட்டத்தின் இழிநடத்தைப் பிரிவு ஆண் பெண் பார்ப்பதில்லை. சீனியர்கள் புதியவர்களின் உடையை அவிழ்க்கச் சொல்வதும், அந்தரங்கத்தைப் படமெடுப்பதும் 'சடங்கு' என்று சொல்லப்பட்டாலும் அந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவையே. நோட்டும், 72 மணி நேரமும், ஒருவரிடமாவது சொல்வதும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால், சீனியரோடு மோத வேண்டியதில்லை. 'ஹவில்தார் சாப் உன்னைக் கூப்பிடுகிறார்' என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி அந்தப் பெண்ணை அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுங்கள். பிறகு 'நான் பார்த்தேன், தேவைப்பட்டால் சாட்சி சொல்கிறேன்' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பார்த்ததை நீங்களும் எழுதிவையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வாரத்துக்கு ஒருமுறை வரும் அழைப்பில், பக்கத்தில் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, எந்தப் பிள்ளையும் இதைப் பேசாது. அதனால் புறப்படும் முன்பே ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். 'பெரியம்மா முழங்கால் எப்படி இருக்கிறது?' என்று பிள்ளை கேட்டால் பிரச்சினை இருக்கிறது என்று பொருள். பிள்ளை 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே நீங்கள் கேட்க வேண்டும். இப்போது பத்திரமாக இருக்கிறாயா? மேலே இருப்பவரா? எழுதி வைத்திருக்கிறாயா? நாங்கள் புகார் அனுப்பட்டுமா? அழைப்பு முடிந்ததும் மணியையும் சொன்னதையும் நீங்களும் எழுதிவையுங்கள். உடனே யூனிட்டுக்குத் தொலைபேசி செய்து கத்திவிடாதீர்கள். அது முதலில் போய்ச் சேர்வது யாரிடம் என்று உங்களுக்குத் தெரியாது.

அவளால் அங்கிருந்து புகார் கொடுக்க முடியாத நிலை என்றால், நிகழ்வை அறிந்தவர் அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு அவளுக்காகக் கொடுக்கலாம். அந்தச் சம்மதக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே ஒருமுறை எழுதிப் பார்த்து, கையெழுத்திடாத ஒரு தாளை நோட்டின் நடுவே வைத்து அனுப்புங்கள். அது திரும்பி வந்தால், புகாரின் ஆறு படிகளோடு இணைத்து, உறையின் மேல் பெறுநராக யாருடைய பெயரையும் எழுதாமல், 'தலைவர், உள்ளகப் புகார்க் குழு' என்று மட்டும் எழுதி, பயிற்சி மையத்தின் முகவரியிட்டு, அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிட்டு, ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.